பன்னிரண்டாம் நம்பர் வீட்டு விருந்தாளி

இந்தக் கதையை மாசிலாமணி எட்டு வருடமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தார். நடந்தது அவர் வீட்டில்தான், வந்து பதினோரு மாதம் தங்கிப் போனது அவருடைய சொந்தக் கோபம்தான் என்று சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான பாய்லர் லைனில் பால் பாக்கெட் போடுகிறவர் வரைக்கும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பதினோரு மாதமும் லைனில் இருந்த அறுபத்துநாலு வீட்டுக்காரர்களும் பார்த்த ஒன்றை அவர் ஒருவர் மட்டும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவர் பார்த்ததெல்லாம் வாசலில் ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி, அதன் காலடியில் காலியான டீ டம்ளர், அதைச் சுற்றி மரியாதையாக ஒதுங்கி நடக்கிற ஜனம், அவ்வளவுதான். ஒரு மனுஷனைக் கேலி செய்வதென்று ஊரே சேர்ந்து முடிவெடுத்தாலும் பதினோரு மாதம் விடாமல் செய்ய முடியுமா என்று கேட்டால், தங்கவயல்காரர்களால் முடியும் என்பதுதான் அவர் எண்ணம். சுரங்கம் மூடிய ஊரில் ஆட்களுக்கு நேரம் நிறைய இருக்கிறது.

சுரங்கம் ஓடிய காலத்தில் அவர் பூமிக்கு அடியில் முக்கால் மைல் ஆழத்தில் மரச்சட்டம் முட்டுக் கொடுக்கிற வேலையில் இருந்தார். மூடியபின் மற்றவர்களைப் போல விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூர் போய், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் வாசலில் செக்யூரிட்டியாக நின்றார். உள்ளே போகும் காருக்கு ஒரு சல்யூட், வெளியே வரும் காருக்கு ஒரு சல்யூட், காரே வராதபோது சூப்பர்வைசருக்கு ஒரு சல்யூட். அங்கே அவரைத் தங்கமான மனுஷன் என்றார்கள். சூப்பர்வைசர் தொப்பியைத் தட்டிவிட்டால் எடுத்து மாட்டிக்கொள்வார், வண்டிக்குள்ளிருந்து ஒரு பையன் 'ஏய்' என்றால் சிரிப்பார், அப்படிச் சிரித்ததையெல்லாம் ஒரு சொட்டுச் சிந்தாமல் டிபன் பாக்ஸ் மாதிரி பத்திரமாக மூடி ரயிலில் எடுத்துக்கொண்டு வந்து, பன்னிரண்டாம் நம்பர் வீட்டு வாசல்படியில் காலை வைத்ததும் திறப்பார். தட்டு பறக்கும், சொம்பு பறக்கும், சில நாள் கையும் பறக்கும். அவர் மனைவி ரஞ்சிதத்துக்கு இடது காது சரியாகக் கேட்காது. அது எப்படிப் போனது என்று லைனில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள்.

"கோவம் வந்துச்சுன்னா எனக்கு ஒண்ணும் தெரியறதில்லை" என்று மறுநாள் காலையில் மாசிலாமணி சொல்வார். சொல்லும்போது அவருக்கே அவர்மேல் இரக்கமாக இருக்கும். வேறு யாரோ வந்து தன் வீட்டில் ரகளை செய்துவிட்டுப் போனது போலத்தான் அவர் அதைச் சொல்வார், லைனும் அப்படித்தான் கேட்டுக்கொள்ளும். "பாவம், அது வராதவரைக்கும் மனுஷன் நல்லவருதான்" என்பார்கள்.

அவர்களுடைய ஒரே மகள் யசோதரா பெங்களூரில் ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீஷியன். அவளைப் பெண் பார்க்க முதலில் வந்த மாப்பிள்ளையின் அப்பா, டீயில் சர்க்கரை கம்மி என்று சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். மாசிலாமணி தாம்பூலத் தட்டைத் தூக்கி எறிந்ததில் வெற்றிலை கூரைத் தகரத்தில் ஒட்டிக்கொண்டது, சம்பந்தம் அன்றோடு முடிந்தது. அன்றைக்கு யசோ அழவில்லை. தரையில் சிதறிக் கிடந்த பாக்கை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட்டுவிட்டு நிமிர்ந்து சொன்னாள்.

"அடுத்த வாட்டி தட்டைத் தூக்குனீங்கன்னா நான் ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் பண்ணிக்கினு போயிடுவேன்பா. அம்மாவைக் கூட்டிக்கினு போவேன். நானும் வரமாட்டேன். அம்மாவும் திரும்பி வரமாட்டாங்க."

சத்தம் போட்டிருந்தால் அவருக்குப் பதில் தெரிந்திருக்கும். அவள் ரயில் நேரம் சொல்வது போலச் சொன்னாள். மாசிலாமணி உள்ளே திரும்பி ரஞ்சிதத்தைப் பார்த்தார், அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'அப்படியெல்லாம் போக மாட்டேன்' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

அந்தப் பயத்தில்தான் அவர் விகாரைக்குப் போனார். லைனுக்கு எதிர்ச் சந்தில் இருந்த தகரக் கூரை விகாரையை அவர் தாத்தா காலத்து ஆட்கள் சுரங்கத்தில் ஷிப்ட் முடித்துவந்து கட்டினார்கள். நூறு வருடமாக அங்கே ஆட்கள் எழுந்து நின்று பேசினார்கள், படித்தார்கள், வாதாடினார்கள், கல்யாணம் செய்தார்கள், செத்தவர்களுக்கு விளக்கேற்றினார்கள். கண்ணை மூடி உட்கார்ந்து பேசாமலிருப்பது மட்டும் அந்த விகாரைக்குப் புதுசு. அதைக் கொண்டுவந்தவர் வடகிழக்கு மலைப்பக்கத்திலிருந்து வந்து பெங்களூரில் தங்கியிருந்த ஓர் இளம் புத்த பிக்கு, பந்தே என்று கூப்பிடுவார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பஸ்ஸில் வருவார், புத்தகத்தைப் பார்த்துத் தமிழ் கற்றவர் என்பதால் அச்சடித்த மாதிரி பேசுவார்.

"கோபத்தை விரட்ட வேண்டாம்" என்றார் பந்தே. "விரட்டினால் அது வலுக்கும். அடக்கவும் வேண்டாம். வந்திருக்கிறாய் என்று அறிந்துகொள்ளுங்கள். உட்காரச் சொல்லுங்கள். மூச்சைக் கவனித்துக்கொண்டே அதைப் பாருங்கள். நீங்கள் வேறு, அது வேறு."

கடைசி வாக்கியம் மாசிலாமணிக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இதைத்தானே அவர் இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம், சூப்பர்வைசர் ஒரே காருக்கு இரண்டு தடவை சல்யூட் அடிக்கவைத்த நாள், அவர் வீட்டுக்கு வந்து கை கழுவித் துண்டைத் தேடினார். கொடியில் துண்டு இல்லை. கோபம் வழக்கம்போல் கணுக்காலில் தொடங்கி முழங்காலுக்கு ஏறியது, இடுப்புக்கு ஏறியது, கை தானாகச் சொம்பைத் தேடியது, அப்போது அவருக்குப் பந்தே சொன்னது ஞாபகம் வந்தது. மனசுக்குள் சொன்னால் போதும் என்றுதான் பந்தே சொல்லியிருந்தார். ஆனால் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு எதையும் மனசுக்குள் சொல்லிப் பழக்கமில்லை. இருட்டில் எதிரே எது வந்தாலும் சத்தம் கொடுத்தே ஆகவேண்டும், கொடுக்காதவன் உயிரோடு மேலே வந்ததில்லை. அதனால் மாசிலாமணி வாசலைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

"வந்துட்டியா. வா. உட்காரு."

உள்ளேயிருந்த ரஞ்சிதத்தின் வலது காதில் அது விழுந்தது. பாய்லர் லைனில் ஒருவரை உட்காரச் சொல்லிவிட்டு டீ கொடுக்காமல் அனுப்பிய வீடு கிடையாது. அவள் ஒரு கையில் நீல நாற்காலியும் ஒரு கையில் டீயுமாக வெளியே வந்தாள், வாசலில் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தாள், நாற்காலியைப் போட்டாள், "சக்கரை போட்டிருக்குது, பரவாயில்லையா?" என்று கேட்டாள். அது தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்து, கொதிக்கிற டீயை ஒரே மடக்கில் குடித்து, டம்ளரைக் கீழே வைத்தது.

மாசிலாமணிக்குத் தெரிந்ததெல்லாம் உடம்பு திடீரென்று லேசாகிவிட்டது என்பதும், மனைவி காலி நாற்காலிக்கு உபசாரம் செய்கிறாள் என்பதும்தான். துண்டு தோளிலேயே கிடந்தது. அதை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் குழாயடியில் பக்கத்து வீட்டுக் கமலவேணி கேட்டாள். "இன்னாக்கா, உங்க வூட்டுக்கு யாரோ வந்துகீறாங்க போல?"

"அவரு கோவம்" என்றாள் ரஞ்சிதம்.

"அப்படியா. எத்தினி நாளு இருக்கும்?"

"தெரியல. பொட்டி படுக்கை ஒண்ணும் எடுத்தாரல."

"ராத்திரிக்கு இன்னா சாப்புடுது?"

"எதைக் குடுத்தாலும் சாப்புடுது. காரம் கொஞ்சம் கூட வேணும். தட்டை அதுவே கழுவி வச்சிடுது."

இதைக் கேட்டுத்தான் குழாயடி அசந்துபோனது. ஒருவருடைய கோபம் உடம்பை விட்டு இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்வது சரி, எதுவும் நடக்கிற உலகம். ஆனால் ஓர் ஆம்பளையின் எதுவாவது தானே தட்டைக் கழுவி வைக்கும் என்று அங்கே யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. அன்று மத்தியானத்துக்குள் லைன் முழுவதும் ஏதாவது ஒரு சாக்கில் பன்னிரண்டாம் நம்பர் வழியாக நடந்துபோய் வந்தது.

முதல் வாரம் குழந்தைகளை வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். இரண்டாவது வாரம் அதன் பக்கத்தில் வடகம் காயப்போட்டார்கள், பாதி நேரத்தில் காய்ந்தது. மூன்றாவது வாரம், பழைய யூனியன்காரர் செபஸ்தியான் வந்து நாற்காலிக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, லைனுக்கு ஒன்பது நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது, மனு கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துவிட்டது, ஒருதரம் தண்ணீர் ஆபீசுக்குக் கூட வரமுடியுமா என்று பணிவாகக் கேட்டார். அது ரஞ்சிதத்தைப் பார்த்தது. "போயிட்டு வா, சும்மாதானே இருக்க" என்றாள் அவள்.

அங்கே அது ஒன்றும் பேசவில்லை. அதிகாரியின் மேஜைக்கு முன்னால் நின்றது, அவ்வளவுதான் என்பார் செபஸ்தியான். அதிகாரி நாளைக்கு வா என்றார்; நின்றது. ஆள் இல்லை என்றார், நின்றது. சாப்பாட்டு நேரம் என்றார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் தண்ணீர் வந்தது, அதற்கு அடுத்த நாளும் வந்தது. அதிலிருந்து மாசிலாமணியின் கோபத்துக்கு ஒரு நாள்கூட ஓய்வில்லை. நிற்காமல் போகிற பஸ்ஸை நிறுத்த, எரிந்துபோன டிரான்ஸ்பார்மரை மாற்ற, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பின் பெஞ்சில் ஒதுக்கி உட்காரவைத்த வாத்தியாரிடம் போய் நிற்க என்று ஆள் மாற்றி ஆள் வந்து கூட்டிப்போனார்கள். யாருக்கு எந்த நாள் என்று விகாரைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைத்தார்கள். கோபம் எல்லா வீட்டிலும் இருந்ததுதான். ஆனால் அவரவர் கோபம் அவரவர் வீட்டுச் சட்டி பானையைத் தாண்டி வெளியே போனதில்லை, ஆளாக எழுந்து ஆபீசுக்குப் போகிற கோபத்தை அவர்கள் இப்போதுதான் பார்க்கிறார்கள்.

விகாரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சாந்தி தேடி இத்தனை பேரா என்று பந்தே நெகிழ்ந்தார். அவர்கள் வந்தது தங்கள் கோபத்தையும் இப்படி வெளியே வரவழைத்து வேலைக்கு அனுப்பலாமா என்று பார்க்கத்தான் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று மாதம் உட்கார்ந்து பார்த்தார்கள். எவருக்கும் எதுவும் வரவில்லை, முழங்கால் வலிதான் வந்தது.

பந்தே ஒரு பௌர்ணமியன்று பன்னிரண்டாம் நம்பருக்கே வந்தார். நீல நாற்காலியை உற்றுப் பார்த்தார். "இது பாடத்தில் இல்லை" என்றார்.

"நெசமாவே அங்க இருக்குதா பந்தே?" என்று மாசிலாமணி கேட்டார்.

"உங்களுக்குத் தெரியவில்லையா?"

"இல்லீங்க."

"அப்படியென்றால் பயிற்சி நன்றாக நடக்கிறது" என்றார் பந்தே. செருப்பை மாட்டிக்கொண்டே, "அல்லது நடக்கவே இல்லை" என்று சொல்லி அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்.

அந்த நாட்களில் மாசிலாமணி ரொம்ப நல்லவராக இருந்தார். அவருக்கே அது தெரிந்தது. ரயிலில் இடம் விட்டுக்கொடுத்தார், சூப்பர்வைசரின் பிள்ளைகளை விசாரித்தார், சாப்பாட்டில் உப்பில்லாவிட்டால் உப்பில்லை என்பதைக் கவனித்தார். ஒன்று மட்டும் அவருக்கு உறுத்தியது. ரஞ்சிதம் சமையலறையிலிருந்து வாசலைப் பார்த்துப் பேசிக்கொண்டே வேலை செய்தாள். என்னென்னவோ சொன்னாள், சின்ன வயசுக் கதை, குழாயடிக் கதை, நடுவில் நடுவில் சிரித்தாள். நாற்காலியை அவள் கதவுக்கு வலது பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்தாள், அதாவது அது பேசினால் அவள் நல்ல காதில் விழுகிற பக்கம். இருபத்தேழு வருடமாகத் தான் எந்தப் பக்கம் உட்கார்ந்து பேசினோம் என்று யோசித்துப் பார்த்தார். பொறாமைப்படலாம் என்று தோன்றியது. பொறாமைக்குக் கொஞ்சமாவது கோபம் வேண்டும், அது வாசலில் அவளுடைய கதையைக் கேட்டுக்கொண்டிருந்தது.

பத்தாவது மாதத்தில் யசோ தானே ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பெயர் தினகரன், அவளோடு அதே லேபில் வேலை, சேலத்துப் பையன், நல்ல பையன். பையன் வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள். தாம்பூலத் தட்டு நடுவில் வைக்கப்பட்டது. சர்க்கரை சரியாக இருந்தது. பையனின் தாய்மாமன் தோல் பைக்குள்ளிருந்து கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை எடுத்தார், அதில் மணமகள் வீட்டு விலாசம் இருக்க வேண்டிய இடத்தில் 'பெங்களூர்' என்று மட்டும் இருந்தது. கல்யாணம் கிருஷ்ணகிரியில் ஒரு மண்டபத்தில் என்று இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் தாய்மாமன், ரொம்ப நயமாக. "எங்களுக்கு ஒண்ணும் கிடையாது. நாங்க அதெல்லாம் பாக்குறவங்க இல்லை. ஆனா பத்திரிகைன்னா நாலு பேரு கைக்குப் போகும். லைன்னு போட்டா, விகாரைன்னு போட்டா, என்ன ஏதுன்னு அவங்களே புரிஞ்சுக்குவாங்க பாருங்க. எதுக்கு அவங்களுக்கு அந்தச் சிரமம்?"

தினகரன் தலையைக் குனிந்துகொண்டான். மாசிலாமணி மூச்சைக் கவனித்தார். உள்ளே போகிறது, வெளியே வருகிறது. இந்த இடத்தில் ஏதோ வரவேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. விழுந்துவிட்ட பல்லின் இடத்தை நாக்கு தேடுவது போல அவர் கணுக்காலில் தேடினார், முழங்காலில் தேடினார், இடுப்பில் தேடினார். அவருடைய தாத்தா செங்கல் சுமந்து கட்டிய விகாரையின் பெயரே பத்திரிகையில் வேண்டாமென்று ஒருவன் சொல்லிக்கொண்டிருக்கிறான், அவருக்குள் காற்று மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

"உங்க சௌகரியம் போல செய்யுங்க" என்றார்.

அப்போதுதான் யசோ நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, யாரும் கவனிக்காதபடி, தாம்பூலத் தட்டை இரண்டு விரலால் அவர் பக்கமாக மெல்லத் தள்ளினாள்.

மகள் பழம் சாப்பிடச் சொல்கிறாள் என்று நினைத்து மாசிலாமணி ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டார்.

இதற்குப் பிறகு நடந்ததில் அவர் பார்த்தது ஒரு மாதிரி, மற்றவர்கள் சொல்வது வேறு மாதிரி. அவர் பாதிப் பழத்தில் இருந்தபோது தாய்மாமன் பேச்சை நிறுத்தினார். வாசலைப் பார்த்தார். முகம் வெளுத்தது. பேனாவை எடுத்து, பத்திரிகை மாதிரியில் ஏதோ எழுதினார். தினகரன் எழுந்து நின்றான். தன்னுடைய பொறுமை அந்த மனிதரை இப்படி உருக்கிவிட்டது என்று மாசிலாமணி நினைத்தார், பந்தேயிடமும் அப்படியே சொன்னார். ஒரு வாழைப்பழத்தைப் பொறுமையாகச் சாப்பிட்டே ஒருவர் அவமானத்தை வென்ற கதையைப் பந்தே பெங்களூரில் பல இடங்களில் சொன்னதாகக் கேள்வி.

லைன் சொல்வது இது. அன்று செபஸ்தியானுக்கு முறை. அவரோடு போய்விட்டுத் திரும்பி வந்த கோபம், வாசலில் செருப்புகளைப் பார்த்து, விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்று தன் நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்தது. தாய்மாமன் "இவரு...?" என்று இழுத்தார். ரஞ்சிதம் உள்ளேயிருந்து, "எங்க வூட்டுக்காரர் பக்கம். ரொம்ப நெருங்கின சொந்தம்" என்றாள். அதுவரை யாரிடமும் வாய் திறந்திராத கோபம் அன்று ஊரறியப் பேசியது. சத்தம் உயரவில்லை. தபால்காரருக்கு வழி சொல்வது போலச் சொன்னது.

"எழுதிக்குங்க. பன்னெண்டாம் நம்பர். பாய்லர் லைன். தங்கவயல். கல்யாணம் எதிர்ச் சந்து விகாரையில."

அவர் எழுதினார். ஒருதரம் படித்துக் காட்டச் சொன்னது, படித்துக் காட்டினார். அவர் முன்னால் இருந்த டீ அப்போது டம்ளருக்குள்ளேயே கொதித்தது என்று கமலவேணி சொல்வாள், அது மட்டும் அவளாகச் சேர்த்தது. தினகரன் எழுந்து, "புத்தர் படமும் போட்டுடலாம் மாமா" என்றான். அதோடு பேச்சு முடிந்தது. தட்டு யசோ தள்ளி வைத்த இடத்திலேயே இருந்தது, ஒரு பழம் குறைந்து.

கல்யாணம் விகாரையில் நடந்தது. இருவரும் வேலையைச் சேலத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். சேலத்துக்குப் போகிற வேனில் பீரோ, கட்டில், மெத்தை, கிரைண்டர் எல்லாம் ஏற்றியபின் யசோ அம்மாவிடம் வந்து, நீல நாற்காலியைக் காட்டி, "அதை நான் கூட்டிக்கினு போகட்டுமாம்மா?" என்று கேட்டாள். "அதையே கேளு. அதோட இஷ்டம்" என்றாள் ரஞ்சிதம். அது எழுந்தது. ரஞ்சிதத்தின் வலது பக்கமாக வந்து நின்று சொல்லிக்கொண்டு, தானே நாற்காலியைத் தூக்கி வேனில் வைத்து, மெத்தைக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டது. மாசிலாமணி பார்த்தது, நாற்காலி ஒன்று வேனுக்குப் போனது, கல்யாணச் சந்தடியில் யார் தூக்கினார்கள் என்று தெரியவில்லை. மகள் போகும்போது கலங்காத ரஞ்சிதம் அதற்குக் கொஞ்சம் அழுதாள். பெண்ணுக்கு மாசிலாமணி தன் கோபத்தையே சீராகக் கொடுத்துவிட்டார் என்று லைன் மெச்சியது. இனிமேல் தண்ணீர் ஆபீசுக்கு யாரைக் கூட்டிப்போவது என்று செபஸ்தியான் மட்டும் குறைப்பட்டுக்கொண்டார்.

சேலத்திலிருந்து யசோ போன் செய்யும்போதெல்லாம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வாள். நன்றாக இருக்கிறது. மாமியார் வீட்டில் அவளுக்குத் தனி டம்ளர் வைத்த அன்று அது எழுந்து போய் அந்த டம்ளரில் தண்ணீர் குடித்தது, அதிலிருந்து தனி டம்ளர் இல்லை. இப்போது கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, டீயில் சர்க்கரையைக் குறைத்துவிட்டது.

அப்படி அவள் போனில் சொன்ன ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாணமாகி மூன்றாவது வருடம், மத்தியானம். மாசிலாமணி சாப்பிட உட்கார்ந்தார். குழம்பு கேட்டார். ரஞ்சிதம் இடது பக்கம் இருந்தாள், அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்கவில்லை, கை போனது. கணுக்காலில் எதுவும் தொடங்கவில்லை. முழங்காலுக்கு எதுவும் ஏறவில்லை. கொசுவைத் தட்டுவது போல அந்தக் கை போய்த் திரும்பி வந்தது, போய் வருகிற நேரம் முழுக்க அவர் மூச்சு, பந்தே சொல்லிக்கொடுத்த மாதிரியே, உள்ளே போனது, வெளியே வந்தது, ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

ரஞ்சிதம் வாசலில் நாற்காலி இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு குழம்பை ஊற்றினாள்.

மறுநாள் காலையில் வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல அவர் வாயைத் திறந்தார். 'கோவம் வந்துச்சுன்னா' என்பது வரைக்கும் நாக்குக்கு வந்தது. கோபம் சேலத்தில் இருக்கிறது. நேற்றுக் காலைதான் அது நன்றாக இருப்பதாக யசோ சொன்னாள். அவர் வாயை மூடிக்கொண்டு ரயிலுக்குப் போனார்.

அதுவரை அந்தக் கதையை அவர் விளையாட்டாகத்தான் சந்தேகப்பட்டிருந்தார். அன்றிலிருந்து நிஜமாகச் சந்தேகப்பட்டார், அது பொய்யாக இருந்தே ஆகவேண்டும் என்பது போல. அதன்பின் அவர் கையை ஓங்கவில்லை. ஓங்கவில்லை என்பதில் அவருக்குப் பெருமையும் இல்லை, நேரம் கிடைத்தபோதெல்லாம் அந்தக் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். ஐந்து வருடம் லைனில் ஒவ்வொருவராகப் பிடித்து விசாரித்தார். நீ பார்த்தாயா, என்ன சட்டை, என்ன உயரம். செபஸ்தியான் வெள்ளைச் சட்டை என்றார், கமலவேணி சட்டையே இல்லை பனியன் என்றாள், பால்காரர் அது ஒரு தொப்பி வைத்திருந்தது என்றார். ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதோடு சேரவில்லை, அப்போது அவருக்கு மனசு கொஞ்சம் லேசாகும். பொய்தான், எல்லாம் கட்டிவிட்டதுதான், கோபம் எங்கேயும் போகவில்லை, அன்றைக்கும் அதுதான் உள்ளே இருந்து கையை நீட்டியது. ஆனால் கடைசியில் எல்லோரும் ஒன்றே ஒன்றை ஒரே மாதிரி சொன்னார்கள். "முகம் உங்க முகமேதாண்ணே. கொஞ்சம் சாந்தமா இருந்துச்சு."

ரஞ்சிதத்திடம் மட்டும் அவர் கேட்கவில்லை. அதைக் கொண்டுவந்து உட்காரவைத்து, சோறு போட்டு, பதினோரு மாதம் பேசிக்கொண்டிருந்தவள் அவள்தான். மற்றவர்கள் பார்த்தார்கள், அவளுக்குத் தெரியும்.

போன மாதம் யசோவிடமிருந்து போன் வந்தது. இரண்டாவது பிரசவம், அம்மா வந்து கூட இருக்கட்டும். எத்தனை நாள் என்று மாசிலாமணி கேட்டார். "இருக்கட்டும்பா, பாக்கலாம்" என்றாள். ரஞ்சிதம் அன்றே பையை எடுத்தாள். மறுநாள் காலை வண்டிக்குச் சாயங்காலமே புடவைகளை மடித்தாள். இரண்டு மூன்று போதும் என்று அவர் நினைத்தார், அவள் எல்லாவற்றையும் மடித்தாள். அவளிடம் இருந்ததே ஏழுதான். கண்ணாடி, மாத்திரை, தன் அம்மாவின் படம். படத்தை எடுத்துத் துடைத்து, புடவைகளுக்கு நடுவில் வைத்தாள்.

யசோ பாக்கைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, அம்மாவும் திரும்பி வரமாட்டாங்க என்று சொன்னதை அவர் மறக்கவில்லை.

வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து மாசிலாமணி எழுந்தார். கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய், அவளுக்கு வலது பக்கமாகத் தரையில் உட்கார்ந்தார். முப்பத்தைந்து வருடத்தில் அந்தப் பக்கத்திலிருந்து அவர் அவளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை, வேறு யாரோ மாதிரி இருந்தாள். அவள் பையின் ஜிப்பை இழுத்தாள், பாதியில் சிக்கிக்கொண்டது, நிறுத்தினாள். அவர் மூச்சைக் கவனிக்கப் பார்த்தார். அது சரியாக வரவில்லை.

"ரஞ்சிதம்" என்றார். "அது இங்க இருந்துச்சே பதினோரு மாசம். அந்தப் பதினோரு மாசத்துல ஒரு வாட்டியாவது அது உன்மேல கை ஓங்குச்சா?"